பெற்றுக்கொண்டவர் பெயர்

ஸ்காபறோவில் ஒரு போத்தில் சாராயத்தை இணையத்தில் விற்று, வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று றெஜினாவிடம் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்புவிப்பாள். சாப்பாடு இல்லாமல் போத்திலை மட்டும் விற்கக் கூடாது. போத்தில் சீல் உடைக்காமல் இருக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னும் கூடாது, இரவு பதினொன்றுக்குப் பின்னும் கூடாது. வாங்குகிறவருக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். நரைத்த தலையாக இருந்தாலும் சந்தேகம் வந்தால் படம் போட்ட அட்டையைக் காட்டத்தான் வேண்டும். குடிவெறியில் நிற்கிறவர் கையில் கொடுக்கக் கூடாது. வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. கொண்டுபோகிறவர் அதற்கென்று உள்ள கோர்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். யாருக்கு, எந்த விலாசத்தில், என்ன போத்தில் என்று எழுதி ஒரு வருசம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"பத்துக் கட்டளையிலும் பாக்க இது கூட" என்று முடிப்பாள். நீங்கள் சிரிப்பீர்கள். அவள் சிரிக்கமாட்டாள். அதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

வயது ஐம்பத்தொன்பது. ஊர் ஊர்காவற்துறை. மார்க்கம் றோட்டில் ஒரு பிளாசாவின் மூலையில் ஆறு கதிரை போட்ட சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அதே பிளாசாவின் மற்றக் கோடியில் பெரிய தமிழ்ச் சுப்பர்மாக்கற் ஒன்று வந்தபிறகு, கொத்துரொட்டியும் இடியப்பமும் அங்கே மலிவு, பார்க்கிங்கும் அங்கே கிட்ட. றெஜினாவின் கடை ஈயாடிக்கொண்டிருந்தது. கடையைக் காப்பாற்றியது செத்தவர்கள்தான்.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் கண்ணை மூடினால் எட்டாம் நாள் படையல் உண்டு. செத்தவருக்கு உயிரோடு இருக்கும்போது என்னென்ன பிடிக்குமோ அவ்வளவும் வாழையிலையில் வைக்க வேண்டும். மீன், இறைச்சி, பிட்டு, ஒடியல் கூழ், குடிக்கிற மனிசனாக இருந்தால் ஒரு போத்தில். ரொறன்ரோவில் அழுது முடியாத பிள்ளைகள் இதற்காக நாலு கடை ஏறி இறங்குவார்கள். கடைசியில் போத்திலை மறந்துவிட்டு, அரசாங்கக் கடை பூட்டுகிற நேரத்தில் ஒருவன் காரை எடுத்துக்கொண்டு ஓடுவான். "எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வீட்டை கொண்டுபோய்க் குடுத்தா என்ன, றெஜி?" என்று கேட்டவர் அவளுடைய கணவர் அமிர்தநாதர். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் இருபத்திரண்டு வருசம் போர்க்லிப்ட் ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறவராக வீட்டில் இருந்தார். படுத்திருக்கிற மனிசனுக்குத்தான் யோசனைகள் வரும்.

லைசன்ஸ் எடுக்க பதினொரு மாதம் போனது. கடையின் வரைபடம் கேட்டார்கள். எத்தனை கதிரை, கழிவறை எங்கே, களஞ்சிய அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். யூனியன்வில்லில் இருக்கிற மகன் டெனிஸ்டன் கம்பியூட்டர் வேலைக்காரன். அவன் வெப்சைற் செய்து கொடுத்தான். அமிர்தநாதருக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெட்டியின் மூடியில் இறந்தவரின் பெயரைக் கறுப்பு மார்க்கரால் எழுதுவது அவருடைய வேலையானது. பெயரைப் பார்த்தே கண் கலங்கி, பெட்டியை அப்படியே வைத்துப் படம் எடுத்த வீடுகள் உண்டு.

எட்டாம் நாள் வீட்டுக்குப் போத்தில் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. அழுத கண்ணோடு கதவைத் திறக்கிறவரிடம், "தம்பி, உம்மடை லைசன்சை ஒருக்காக் காட்டுமன்" என்று கேட்க வேண்டும்.

"அன்ரி, அப்பா செத்து எட்டு நாள். நீங்கள் ஐடி கேக்கிறியளே?"

"எனக்கு மட்டும் ஆசையே, ராசா? சட்டம்."

திட்டு வாங்கிக்கொண்டு அட்டையைப் பார்ப்பாள். போனில் இருக்கிற பட்டியலில் சரி போடுவாள். ஒரு வீட்டிலும் பார்க்காமல் விட்டதில்லை. முழங்கால் நோவோடு மூன்று மாடி ஏறிப் போய், எல்லோரும் வெறியில் நிற்கிறார்கள் என்று கண்டு, சாப்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போத்திலைத் திருப்பிக் கொண்டுவந்த நாளும் உண்டு. அப்படி ஒழுங்காக நடந்தவளுக்குத்தான் வந்தது வினை.

ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, றெஜினா பற்றீசுக்கு மா உருட்டிக்கொண்டிருக்கிறபோது அன்ட்ரூ என்ற அதிகாரி வந்தான். லைசன்ஸ் கொடுக்கிற கந்தோர்க்காரன், முப்பது வயது வரும், நல்ல மரியாதைக்காரன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆறு கதிரையில் ஒன்றில் இருந்தான். வழக்கமான பரிசோதனை என்றான். அவள் ஒரு மாதத்துக்கு முன் அனுப்பிய பட்டியலை விரித்தான். நாற்பத்தொரு பெட்டி, நாற்பத்தொரு பெயர்.

"இதில் ஒன்பது பேரைப் பற்றி விசாரித்தேன்" என்று ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒன்பது பேரும் இறந்துவிட்டார்கள்."

"ஓம்" என்றாள் றெஜினா, அவனுக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமல்? அதுக்குத்தானே பெட்டி."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பட்டியலைப் பார்த்தான். "பெற்றுக்கொண்டவர் பெயர் என்ற இடத்தில் இறந்தவரின் பெயர் இருக்கிறது. பக்கத்தில், அடையாள அட்டை பார்த்தாயிற்று என்று நீங்கள் சரி போட்டிருக்கிறீர்கள். இறந்தவரின் அட்டையை உங்களுக்குக் காட்டியது யார்?"

அப்போதுதான் றெஜினாவுக்குக் கையில் இருந்த மா குளிர்ந்தது.

நடந்தது இதுதான். வெப்சைற்றில் டெனிஸ்டன் வைத்த கட்டம் தெளிவானதுதான்: பெற்றுக்கொள்பவர் பெயர். ஆனால் எட்டாம் நாள் படையலுக்கு ஓர்டர் கொடுக்கிற எந்தத் தமிழன் அதில் தன் பெயரை எழுதுவான்? பெட்டி அப்பாவுடையது. போத்தில் அப்பாவுடையது. அப்பாவின் பெயரைத்தான் எல்லோரும் எழுதினார்கள், ஒருவர் விடாமல். அந்தப் பெயர் அப்படியே பட்டியலில் ஏறியது. கதவைத் திறந்த உயிருள்ளவரின் அட்டையை றெஜினா ஒவ்வொரு முறையும் பார்த்தாள். அவர் பெயரை எழுத வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. காசு கட்டியவரைப் பிடிக்கலாம் என்றால், பாதிப்பேருக்குக் காசு கட்டியது லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற பிள்ளைகள்.

மரண அறிவித்தல்களில் பெயர் பொறுக்கி யாரோ கள்ளமாகச் சாராயம் எடுக்கிறார்கள் என்றுதான் அன்ட்ரூ நினைத்து வந்திருக்கிறான். அவள் சொன்னதை நம்பினான். நம்பியதால் என்ன? கடதாசி வேறு கதை சொல்கிறதே. மூன்று வாரம் தந்தான். நாற்பத்தொரு வீட்டிலும் போத்திலை உண்மையில் கையில் வாங்கியவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து எடுக்க வேண்டும். பட்டியலின் பிரதியில் இறந்தவரின் பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் வாங்கியவரின் பெயரைத் தன் கையால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒப்பம் வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விசயம் மேலிடத்துக்குப் போகும், லைசன்சும் போகலாம். அதுவரைக்கும் போத்தில் ஒன்றும் வெளியே போகக் கூடாது.

லைசன்ஸ் போனால் பெட்டி போகும். பெட்டி போனால் தை மாதம் கடையின் குத்தகையைப் புதுப்பிக்க வழியில்லை. பிறகு ஐம்பத்தொன்பது வயதில் பிறம்ரனுக்கு வேலையாட்களை ஏற்றுகிற வானில் ஏறி, அமிர்தநாதர் முழங்காலைத் தேய்த்த அதே வெயர்ஹவுசில் தானும் போய் நிற்க வேண்டியதுதான். றெஜினா இதை யாருக்கும் சொல்லவில்லை. கடையை இரண்டு மணிக்குப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தாள்.

செத்தவீட்டுக்கு ஒருமுறை போவதே பாரம். ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை, அதுவும் சாராயக் கணக்குக் கேட்டுப் போவதை என்னவென்று சொல்வது? ஒரு கையெழுத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போனது. தேத்தண்ணி குடிக்க வேண்டும். படத்தைப் பார்க்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர், கடைசியாக என்ன கதைத்தார் என்று முதலில் இருந்து கேட்க வேண்டும். நடுவில் கடதாசியை நீட்ட அவளுக்கு மனம் வராது. எட்டாம் நாள் வந்தபோது கதறிய பெண் இப்போது ரிவியில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் கல்லுப்போல நின்ற மகன் இப்போது தாடி வளர்த்து வேலையை விட்டிருந்தான். துக்கம் ஆளாளுக்கு ஒவ்வொரு நேரத்தில் வருகிறது என்று றெஜினா கண்டுகொண்டாள். கண்டு என்ன செய்ய? அவளுக்குக் கையெழுத்து வேண்டும்.

பிறம்ரனில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் போத்திலை வாங்கியது மற்றவன் என்று அடித்துச் சொன்னார்கள். அவர்களுக்கிடையில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஒருவன் மேல்மாடியில், மற்றவன் பேஸ்மென்றில். றெஜினா படி ஏறி இறங்கினாள், மூன்று தரம். கடைசியில் அண்ணனின் மனைவி வந்து, "அன்ரி, நான்தான் வாங்கினனான், நீங்கள் என்ரை ஐடியைப் பாத்திட்டு, படத்தில மெலிஞ்சிருக்கிறீர் எண்டும் சொன்னனீங்கள்" என்று நினைவுபடுத்திக் கையெழுத்து வைத்தாள்.

இன்னொரு வீட்டில் கிறிஸ்துநாயகம் என்ற பெரியவர் கதவைப் பாதிதான் திறந்தார். வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம்; செத்தது அவருடைய சைவ மருமகன். "எங்கடை வீட்டிலை போத்திலோ? ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது? நான் கோயில் சபையில இருக்கிறவன்." கதவு சாத்தப்பட்டது. றெஜினா காருக்குள் வந்து இருந்தாள். அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அதற்கும் களைப்பாக இருந்தது. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பெரியவரின் மகள், காலில் வீட்டுச் செருப்போடு, குளிரில் நின்றாள்.

"தாங்கோ அன்ரி. அப்பாவுக்குத் தெரியாது. கராச்சுக்குள்ளை வைச்சுத்தான் என்ரை மனிசனுக்குப் படைச்சனான்."

கார் பொனற்றில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நாற்பதாவது வீடு ரூஜில். இராஜேஸ்வரி என்ற பெண். கணவர் சண்முகலிங்கம் சித்திரையில் போனவர். அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தாள். பிறகு பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, கணவரின் பெயரைத் தேடிப் பிடித்து, விரலால் ஒருமுறை தொட்டாள்.

"இதையே வெட்டப் போறியள்?"

"ஒரு கோடுதான், பிள்ளை. வாசிக்கிறமாதிரித்தான் இருக்கும்."

"பரவாயில்லை. அவர் நல்லாக் குடிச்சிட்டுத்தான் போனவர்." இராஜேஸ்வரி மெல்லச் சிரித்தாள். "உங்கடை மனிசனும் செத்துப்போனாராம் எண்டு கேள்விப்பட்டன். நீங்கள் வேதக்காரர், படையல் இல்லை என்ன? அவர் குடிக்கிறவரோ?"

"முந்தி" என்றாள் றெஜினா. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டாள், அடுத்தவர் வீட்டுக் கோப்பையை.

சனிக்கிழமை காலை டெனிஸ்டன் கடைக்கு வந்தான். வெப்சைற்றில் இனி இரண்டு கட்டம்: படையல் யாருக்கு, கையில் வாங்குபவர் யார். அதைச் செய்து முடித்துவிட்டுத் தாயின் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தான். அவள் அடிமட்டம் வைத்து நேர்க்கோடாக நாற்பது பெயரையும் வெட்டியிருந்தாள். நாற்பது உயிருள்ளவர்களின் பெயரையும் எழுதியிருந்தாள். பதினேழாவது வரி மட்டும் தொடப்படாமல் கிடந்தது.

"அம்மா, வன் மிஸ்ஸிங். இது எங்கடை அட்ரஸ் எல்லே?" அவன் இன்னும் குனிந்து வாசித்தான். "அமிர்தநாதர்." பிறகு கதிரையில் இருந்தான். "அப்பாக்கு நீங்கள் ஓர்டர் போட்டனீங்களோ?"

மாசி மாதம். அமிர்தநாதர் போய் எட்டாம் நாள். சுவாமியார் வந்து செபம் சொல்லிப் போய்விட்டார். அவர்களுடைய முறையில் அவ்வளவுதான், படையல் கிடையாது. எல்லோரும் போனபிறகு றெஜினா கடைக்கு வந்து போத்தில் அலுமாரிக்கு முன்னால் நின்றாள். விற்காத போத்தில் வெளியே போகக் கூடாது. அதனால் வெப்சைற்றைத் திறந்து ஓர்டர் போட்டாள். பெற்றுக்கொள்பவர் பெயர்: அமிர்தநாதர். அவளும் மற்ற நாற்பது பேரைப் போலத்தான் எழுதினாள். பெட்டி மூடியில் பெயர் எழுத ஆள் இல்லை. தானே எழுதினாள். கோணல் மாணலாக வந்தது.

"நத்தாரண்டைக்கு, யேசு பாலன் பிறந்த நாளிலை கேட்டவர்" என்றாள் மகனிடம். அவள் இதுவரை வாய் திறந்து சொல்லாதது. "ஒரு மூடி தா றெஜி, மணந்து பாத்திட்டு வைக்கிறன் எண்டு. வருசம் முழுக்க ஆரார் பேரோ எழுதி, ஆராருக்கோ போத்தில் வைச்சுக் கட்டின மனிசன். ஒன்பது வருசம் தொடேல்லை. நான் உங்களுக்கு வெக்கமில்லையோ எண்டு கேட்டிட்டன். ரெண்டு மாசத்தில கண்ணை மூடிட்டார்."

"டொக்டர் நோ எண்டுதானே சொன்னவர், அம்மா."

"டொக்டர் சொன்னவர்தான். வெக்கமில்லையோ எண்டு டொக்டர் கேக்கேல்லை, நான்தான் கேட்டனான்."

டெனிஸ்டன் பட்டியலை ஒற்றையொற்றையாக அடுக்கி வைத்தான்.

திங்கட்கிழமை அன்ட்ரூ வந்தான். அதே கதிரை, அதே தொப்பி மடியில். நாற்பது கையெழுத்தையும் பொறுமையாகப் பார்த்தான். பிறம்ரன் வீட்டுக் கடதாசியில் தேத்தண்ணிக் கறை இருந்தது, அதற்கும் தலையாட்டினான். பதினேழாவது வரிக்கு வந்ததும் பேனையை நிறுத்தினான்.

"இவர்?"

"என்ரை ஹஸ்பன்ட்."

"மன்னிக்க வேண்டும்." உண்மையாகத்தான் சொன்னான். பேனையை அந்த வரியில் வைத்துக் கேட்டான். "அந்தப் போத்திலை யார் பெற்றுக்கொண்டார்கள்?"

றெஜினா அந்த வரியையே பார்த்தாள். மாசியில் அந்த எட்டாம் நாள் இரவு அவள் வீட்டுக்குப் போய், அவருடைய படத்துக்கு முன்னால் போத்திலின் சீலை உடைத்து, ஒரு மூடி, ஒரே ஒரு மூடி, கிளாசில் ஊற்றி வைத்தாள். விடியும்வரை அதற்கு முன்னால் இருந்தாள். அவர் வாங்கிக்கொண்டார் என்றுதான் இந்த ஒன்பது மாதமும் தன்னைத் தேற்றி வந்தாள். அரசாங்கப் பட்டியலில்கூட அப்படித்தான் இருந்தது: பெற்றுக்கொண்டவர், அமிர்தநாதர், சரி போட்டிருக்கிறது. நத்தாரன்று இல்லை என்று சொன்னதை மாசியில் கொடுத்துவிட்டதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வரி. அதைத்தான் இவன் வெட்டச் சொல்கிறான். தன் கையால், அடிமட்டம் வைத்து.

"இது ஒன்று மட்டும் இப்படியே இருக்கட்டுமே" என்று கேட்டுப் பார்த்தாள்.

அவன் சங்கடப்பட்டான். தொப்பியை மடியில் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "ஒரு வரிக்காக எல்லாவற்றையும் மேலே அனுப்ப எனக்கு விருப்பமில்லை, அம்மணி. ஆனால் அப்படியே விட்டால் அனுப்பத்தான் வேண்டும்."

கடைக்கு வெளியே சுப்பர்மாக்கற்றுக்குச் சாமான் இறக்க வந்த லொறி ஒன்று பீப் பீப் என்று கத்திக்கொண்டு பின்னுக்குப் போனது. றெஜினாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் போனது. இந்தப் பெடியன்மேல் இல்லை. சட்டத்தின்மேலும் இல்லை, அது கேட்பது உண்மையைத்தான். அமிர்தநாதர் வாங்கவில்லை. கேட்ட நாளில் கொடுக்கப்படவில்லை, கொடுத்த நாளில் அவர் இல்லை. போத்திலை வாங்கியது அவள்.

அடிமட்டத்தை எடுத்தாள். கோடு போட்டாள். மற்ற நாற்பதையும்விட நேராக வந்தது. பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். முதலில் றெஜினா. கனடாவுக்கு வந்த நாளில் இருந்து எல்லாக் கடதாசியிலும் பெண்சாதியின் கடைசிப் பெயர் புருசனுடைய பெயர்தானே. அதையும் எழுத வேண்டியிருந்தது. வெட்டிய பெயருக்குப் பக்கத்தில் அதே பெயரை எழுத்தெழுத்தாக மறுபடி எழுதினாள், இந்த முறை கோணாமல்.

"உங்கள் அடையாள அட்டையை ஒருமுறை பார்க்கலாமா?" என்று அன்ட்ரூ கேட்டான்.

அவள் கைப்பையைத் திறந்து சாரதி அட்டையை எடுத்துக் கொடுத்தாள். திட்டவில்லை. அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், றெஜினா அமிர்தநாதர் என்ற பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு பதினேழாவது வரியில் சரி போட்டான்.